சுடாத பூக்குழி

ஸ்பிரிட் நனைத்த பஞ்சின் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு வேப்பிலைதான் நினைவுக்கு வரும். இரண்டு வாசனைக்கும் நடுவில் ஒரு நர்ஸ் சிஸ்டர் நிற்கிறார். எங்கள் தீவின் கரும்பு ஊரான லம்பாசாவில், ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்காரர்களைப் பார்க்கும் சின்ன அறை, ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரிகளின் உறுமல்.

அந்த வருஷம் தீமிதியில் என் கால் சுடவே இல்லை. காப்புக் கட்டி, மஞ்சள் உடுத்தி, இளவயதிலிருந்து இறங்கிய பூக்குழி. எப்போதும் கொஞ்சம் சுடும். வெளியே சொல்ல மாட்டோம். அன்று ஈரப் புல்லில் போவதுபோல் போனேன். அம்மன் தூக்கிக்கொண்டு போனாள் என்று ஊரெல்லாம் சொன்னேன், அழுதேன், பூரித்தேன். பாதத்தில் ஒரு புண் ஆறாமல் நின்றபோது மனைவி என்னை அந்த அறைக்கு இழுத்துப் போனாள்.

"கண்ணை மூடுங்க அண்ணே. தொட்டா சொல்லுங்க."

காத்திருந்தேன். "தொடுங்க சிஸ்டர்" என்றேன். கண்ணைத் திறந்தால், சிஸ்டர் கையிலிருந்த, தூண்டில் நரம்பு மாதிரி ஓர் இழை என் பாதத்தில் ஊன்றி வளைந்து நின்றது.

சர்க்கரை, கால் நரம்பைத் தின்றிருந்தது. அம்மன் தூக்கவில்லை. புண்ணைவிட அதுதான் ஆறவில்லை எனக்கு. கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். மாத்திரை மேசையிலேயே கிடந்தது. வீட்டில் யாரோடும் பேச்சில்லை.

சிஸ்டர் தென்னிந்திய முஸ்லிம் குடும்பம். அவருடைய தமிழ் அம்மாவின் அடுப்படியிலிருந்து வந்தது. பாதியில் ஹிந்தி கலந்துவிடும். கட்டுப் போட்டு முடித்தும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். பேசு என்று சொல்ல மாட்டார். போகச் சொல்லவும் மாட்டார். ஒருநாள் நானே கேட்டேன்.

"அவ என்னை விட்டுட்டாளா சிஸ்டர்?"

"அரே, நான் முஸ்லிம் பொம்பளை. உங்க அம்மனுக்காக நான் எப்படி பதில் சொல்றது? நீங்களே போய்க் கேளுங்க." பிறகு மெதுவாக, "நெருப்புல இறங்காம கேக்க முடியாதா?"

"வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. செருப்போடயா கோயிலுக்குள்ள போறது?"

என் பாதத்துக் கட்டைக் குனிந்து பார்த்தார். "துணி ஷூ? புதுசா?"

மனைவி வாங்கி வந்து மஞ்சளில் முக்கிக் காயவைத்தாள். பூசாரி குனிந்து பார்த்தார், சிரிப்பை அடக்கினார். "தோல் இல்லையே? வா, வா."

அடுத்த தீமிதியில் பூக்குழி முடியும் இடத்தில் நின்றேன். இறங்கி வருகிறவர்களைக் கைநீட்டிப் பிடித்து மஞ்சள் தண்ணீரில் நிறுத்துவது என் வேலை. இன்றும் அதே வேலை. இரண்டு பாதங்களும் என்னிடம் இருக்கின்றன. படுக்கப்போகுமுன் உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தத் திருவிழா முடிந்த கையோடு சிஸ்டருக்குத் தூரத்து ஊரான லௌதோக்காவுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். படியில் ஏறி நின்று திரும்பினார்.

"இந்த வருஷம் சுட்டுச்சா அண்ணே?"

"சுட்டுச்சு சிஸ்டர். முகம், கை, எல்லாம்."

"அச்சா. அப்ப நான் போயிட்டு வரேன்."