அக்காவின் கேன்வாஸ் ஷூ

அக்காவுக்கு மட்டும் ஷூ வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திருவள்ளூரில் நடக்கும் ஓட்டப் பந்தயத்துக்கு எங்கள் ஆரம்பாக்கம் பள்ளியிலிருந்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நானும் ஓடுகிறவள்தான். ஆனால் எப்போதும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவள்.

ஒரு சாயந்தரம் நைனா அவளை ரயிலில் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் இரும்பு ஆலையில் அவருக்கு வேலை. அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

"நடக்கவா, ஓடவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஓடத்தான்" என்றார் நைனா, என்னவோ தாமே ஓடப்போவதைப் போல.

கடைக்காரர் கனமானவற்றை ஒதுக்கிவிட்டு, லேசான வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தது, நடுவில் வளையவில்லை. அதுதான் சரியாம். அக்காவின் காலில் மாட்டி, நுனியை அழுத்தினார்.

"முன்னால ஒரு வெரலு எடம் இருக்கணும். குதிகாலு நழுவக் கூடாது. எங்க, ஓடிப் பாரும்மா."

அக்கா கடைத்தெரு முனைவரை ஓடித் திரும்பினாள். சைக்கிள்காரர்கள் ஒதுங்கினார்கள். அவள் சிரித்துக்கொண்டே வந்ததைப் பார்க்கச் சகிக்காமல், கடையில் தொங்கிய ரப்பர் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தயத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது அக்கா பெரியவளானாள். பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு. விசாரிக்க வந்த டீச்சரிடம், "அவ இனிமே எங்க ஓடறது? சின்னத இட்டுக்கினு போங்க" என்றாள் அம்மா.

ஷூ எனக்கு வந்துவிட்டது. நான் தரையில் நிற்கவில்லை.

"முன்னால துணி வெச்சிக்கோடி. இல்லாங்காட்டி கழண்டுக்கும்" என்றாள் அக்கா, பாயிலிருந்தே. பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் துணி வைத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில் கடைசிக்கு முந்தினவளாக வந்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஷூவைக் கழற்றாமலே அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். எத்தனையாவதாக வந்தாய் என்று அவள் கேட்கவில்லை.

"கிரவுண்டு எவ்ளோ பெருசுடி?" என்றாள்.

வயிறெரியட்டும் என்று மைதானத்தை இரண்டு மடங்காக்கிச் சொன்னேன். சுண்ணாம்புக் கோடு, விசில், வளைவில் திரும்பும்போது காதில் இரையும் காற்று, ஒன்றையும் விடவில்லை. "அப்பறம் இன்னா?" "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாயின்மேல் அவளுடைய பாதங்கள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

தூங்கிவிட்டாள் என்று நினைத்து, நான் விளையாடப் போய்விட்டேன்.