கெம்பிக்கு ரெண்டு, நஞ்சம்மாவுக்கு ரெண்டு

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நஞ்சம்மாவைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. ராகிக் கொல்லையில் புகுந்த ஒற்றை யானையை அவள் வைதே கர்நாடக எல்லை தாண்ட வைத்தாளாம்; அது இன்னும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையாம். பாதியை நம்பலாம். யானைக்கே அஞ்சாதவள் மாத்திரை விஷயத்தில் மட்டும் பயந்துபோய் ஒரு பொய் சொன்னாள். காரணம் கெம்பி.

கெம்பி அவளுடைய செவலைப் பசு. புருஷன் திம்மராயன் காலையில் ஓசூர் கம்பெனி பஸ் ஏறிப் போனபின் அவளுக்குப் பேச்சுத் துணை அதுதான். கறந்த சூட்டோடு ஒரு சொம்பு பச்சைப்பால் குடித்துவிடுவாள். காய்ச்சினால் சத்து ஓடிவிடும் என்பது அவள் கட்சி.

இருமல் வந்தது. காசநோய் என்றார்கள். தினம் நாலு மாத்திரை. அதே மாதம் கெம்பியும் இருமியது, விலா தெரிய இளைத்தது. ஒரே வீடு, ஒரே இருமல். மருந்து மட்டும் எப்படி வேறாகும்? ரெண்டை அவள் விழுங்கினாள்; ரெண்டைக் களி உருண்டைக்குள் அமுக்கிக் கெம்பிக்கு ஊட்டினாள். வந்து பார்க்கும் சுகாதாரப் பணியாளர் சரஸ்வதிக்குக் காலி மாத்திரை அட்டைகள் ஒருநாளும் குறையவில்லை.

ரெண்டு மாதம் கழித்துச் சளியைச் சோதித்தார்கள். முதலில் மருந்துக்கு அடங்கக்கூடியதாக இருந்த கிருமி இப்போது அடங்காததாகியிருந்தது.

“அட்டை காலி, கிருமி காலியாகலையே. நெசமா முழுங்குனியா நஞ்சக்கா?” என்றாள் சரஸ்வதி.

“பின்னே, கோர்த்து மாலையா போட்டுக்கிட்டேனா?”

“வாய்க்கு ஒன்னும் கொறைச்சலில்ல. இனிமே வேற மருந்து. இதையும் அரைகுறையா தின்னா, அப்புறம் உன்னைக் காப்பாத்தறது கஷ்டம்.”

சொன்னால் கெம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நஞ்சம்மா வாயை மூடிக்கொண்டாள். கொட்டகையில் கெம்பி இருமியது. சரஸ்வதி திரும்பிப் பார்த்தாள்.

“மாடு எத்தனை நாளா இருமுது?”

“எனக்கு வந்த நாளாத்தான்.” நஞ்சம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “பாதி மாத்திரை அது வயித்துலதான் போச்சு, கண்ணு.”

கால்நடை மருத்துவர் வந்து கெம்பியின் கழுத்துத் தோலில் காசநோய்ச் சோதனை ஊசி போட்டார். மூன்றாம் நாள் அந்த இடம் எலுமிச்சம்பழமாக வீங்கியிருந்தது; நோய் உண்டு என்று அர்த்தம். சளி மாதிரி எடுத்து அனுப்பினார்கள். பல வாரம் கழித்து முடிவு வந்தது: கெம்பிக்குள்ளும் அதே அடங்காத கிருமி. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தாளில் இல்லை.

“ஆளுக்குப் பாதியா தின்னு, கிருமிக்குக் குஸ்தி பழக்கி விட்டிருக்கீங்கம்மா,” என்றார் மருத்துவர்.

“புடிச்சிக்கிட்டுப் போயிடுவீங்களா சார்?”

“இல்ல. ஆனா தனியா கட்டணும். பால் யாருக்கும் ஆகாது. மாட்டை விக்கவும் கூடாது, அது போற எடத்துக்குக் கிருமியும் போகும்.”

இப்போது கெம்பி கொல்லைக்கோடிப் புங்கமரத்தடியில். காலையில் முகக்கவசத்தோடு வரும் சரஸ்வதி முன்னால் நஞ்சம்மா புது மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறாள். பிறகு வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறாள். கெம்பி கழுத்தை நீட்டுகிறது. எட்ட நின்று முறத்தில் வைத்து ஒரு களி உருண்டையைத் தள்ளுகிறாள். அது நாக்கால் உடைத்துப் பார்க்கிறது.

“தேடாதடி. உள்ளே ஒன்னுமில்ல, வெறும் களிதான்.”