தட்டை ஒயரும் உருண்டை ஒயரும்

என் கணவரும் என் அண்ணனும் வில்லியனூரில் ஆளுக்கொரு கம்பெனி வைத்திருந்தார்கள். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சால்டரிங் கம்பி, கொட்டகையைவிடப் பெரிய பெயர்ப் பலகை. டி.வி. வந்த புதிதில் சென்னைப் படம் எங்கள் பக்கம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதைத் தெளிவாக்கும் ஆன்டெனாவையும் பூஸ்டரையும் இருவரும் கூட்டாகத்தான் செய்யத் தொடங்கினார்கள். பிறகு முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். என் வீட்டுக்காரர் பூஸ்டரில் தட்டை ஒயர்தான் சேரும். அண்ணனுடையதில் உருண்டை ஒயர்தான். ஒருவரிடம் ஆன்டெனா வாங்கியவர் மற்றவரிடம் பூஸ்டர் வாங்கிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இரண்டு அட்டைப் பெட்டியிலும் ‘பேட்டன்ட் விண்ணப்பிக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தார்கள். எங்கே விண்ணப்பிப்பது என்று இருவருக்குமே தெரியாது. வக்கீல் நோட்டீஸ் மட்டும் ஒழுங்காகப் போய் வந்தது.

என் கவலை வேறு. மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவோம். எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன். வராவிட்டால்? வந்து சண்டை போட்டால்? படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று காலையில் யோசிப்பேன். நம்பாமல் விட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று மாலையில் பயப்படுவேன். கடைசியில் மாமியாரே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தார்.

அண்ணன் மேளத்தோடு வந்தார். சீர்த் தட்டுகளில் பழம், பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு. அவற்றின் பின்னால் இரண்டு ஆட்கள் ஓர் ஆன்டெனாவைத் தூக்கி வந்தார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, கம்பிக்குக் கம்பி மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்ப முடியாது. இவர் அதை மாட்டுக் கொட்டகை ஓரம் சாத்தச் சொன்னார்.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணன் கேட்டார்: “இன்னா மாப்ள, மாடிக்கு ஏத்தலியா? எங்க படம் நல்லா வந்துடுமோன்னு பயமா?”

“உன் உருண்ட ஒயரு என் வூட்டு செவுத்துல ஏறாது மச்சான். அந்த ஆன்டெனா டிசைனே என்னுது,” என்றார் இவர்.

அண்ணன் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு எழுந்தார். ஒற்றைக் காது குத்திய குழந்தை, ஊசியோடு காத்திருக்கும் ஆசாரி, வாசல் பக்கம் செருப்பைத் தேடும் தாய்மாமன்.

“ரெண்டு கம்பெனியும் கேட்டுக்குங்க. இன்னொரு காத குத்தாம இங்க யாருக்கும் சோறு கெடையாது,” என்றேன். மாமியார் எதிரில் இப்படிப் பேசலாமா என்று வாய் மூடுவதற்குள் யோசனை வந்துவிட்டது. மாமியார் எழுந்து போய்ச் சோற்று அண்டாவைத் தட்டால் மூடினார்.

அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிள்ளை துள்ளியதால் தலையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் ஆசாரி. இவர் பிடித்தார். கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும்படி அண்ணன் சொல்ல, சொன்னதற்காகவே இவர் தாழ்த்த, அதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கம்மல் ஒன்று மேலே, ஒன்று கீழே. முதல் காதுதான் சரியான அளவு என்கிறார் அண்ணன். இரண்டாவதுதான் என்கிறார் இவர். நான் தினமும் ரெட்டைப் பின்னலைக் காது மறைய மடித்துக் கட்டி அனுப்புகிறேன்.