ஓடாத லாரி நின்ற இடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது. எல்லாம் புது மனைகள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதைக் கொடுத்தால் என் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்குப் பிடித்துக்கொள்ளும். லாரித் தண்ணீர் வந்தால்தான் பிழைப்பு.

லாரி எங்கெங்கே நிற்க வேண்டும் என்று எழுதிக்கொள்ள ஒரு அதிகாரி வந்தார். மற்ற தெருக்களில் வேப்பமரம், அம்மன் கோவில், ரேஷன் கடை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு மண்ணும் இல்லை.

"அடையாளம் இன்னாம்மா? டிரைவர் எத்தப் பாத்து நிறுத்துவாரு?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "தோ, அந்த ஓட்ட லாரி கீதே சார். வருஷக் கணக்கா அங்கியேதான் கீது."

"பழுதான லாரி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சக்கரம் வைத்த பொருளை எவளாவது அடையாளம் சொல்வாளா?

தண்ணீர் லாரி ஒழுங்காகத்தான் வந்தது. டிரைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புது ஆளுக்கு அதிகாரி எழுதிய அந்தத் தாள்தான் வழி. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பாழாய்ப்போன லாரி நிற்கிறதா என்றே பார்ப்பேன். லாரியின் சொந்தக்காரர் அதன் பக்கம் வந்தாலே வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பேன்.

ஒருநாள் இழுவை வண்டியோடு வந்தார்.

"அண்ணாத்தே, இத்த எங்க இஸ்துகினு போற?"

"பூந்தமல்லில காயலான் கடைக்காரரு எடைக்குக் கேட்டாரு."

"வோணாம். தண்ணி லாரி இத்தப் பாத்துதான் நிக்குது."

"ஓடிக்கினு இருந்தப்போ ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இப்ப இது கோயில் தேரா பூடுச்சா?" என்று சிரித்தார்.

"சிரிக்காத. கொழந்தைக்குத் தண்ணி வோணும்."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

இழுத்துக்கொண்டு போய்விட்டார். சக்கரம் பதிந்த பள்ளம்தான் மிச்சம்.

மறுநாள் காலை ஒரு புது டிரைவர் எங்களைத் தாண்டிப் போய் ரேஷன் கடையில் நிறுத்தினான். குடத்தோடு ஓடினேன். அந்தத் தெருக்காரிகள் கிட்டவே விடவில்லை. அன்று குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தேன். ராத்திரி முழுக்க அதன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் தெருவில் இருந்த அத்தனை குடங்களையும் நடுரோட்டில் வரிசையாக வைத்தேன். லாரி பிரேக் போட்டு நின்றது.

"இன்னாமே, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? இது எந்த ஸ்டாப்பு?"

"எங்க ஸ்டாப்பு. எழுதிக்க."

"இன்னான்னு எழுத?"

"கொடம் வச்ச ரோடுன்னு எழுது. மொதல்ல பைப்ப தொற."

எழுதவில்லை. திட்டிக்கொண்டே பைப்பைத் திறந்தான். நாளைக்கு வேறொருவன் வந்தால் என்ன செய்வது என்று யோசித்தபடியே குடத்தை இடுப்பில் ஏற்றினேன்.