போலந்துக்காரரின் சவரக் கண்ணாடி

என் குளியலறையில் மூலை உடைந்த சவரக் கண்ணாடி ஒன்று தொங்குகிறது. எறியச் சொல்லிச் சொல்லியே மனைவி அலுத்துவிட்டாள். அதில் முகம் பார்க்குமுன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் இன்றும் பார்ப்பேன். இந்தப் பாழாய்ப்போன பழக்கம் ஜெர்மனியில், நொய்கெல்ன் அகதி விடுதியில் தொற்றியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரே அறையில் நானும், எங்கள் ஊர்ப்பக்கக் கரவெட்டி அண்ணை ஒருவரும், போலந்து ஓவியர் ஒருவரும் இருந்தோம். அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்யத் தடை. நானோ ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் களவாகக் கோப்பை கழுவினேன். பிடிபட்டால் வழக்குப் போச்சு, ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். சண்டை நடக்கும் அங்கே இறங்கினால் உயிருக்கே உத்தரவாதமில்லை.

ஓவியர் ஒரு பழைய அலுமாரிக் கதவில் வரைவார். அதை எங்கள் கட்டில்களுக்கு நடுவே சாய்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் சவரக் கண்ணாடியை உயர்த்திப் பிடிப்பார். எழும்பும்போது படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார்.

“தம்பி, உவன் படம் பாக்கேல்லை, எங்களைத்தான் பாக்கிறான். நீ போறது வாறது எல்லாம் பொலிசுக்குப் போகும், இருந்து பார்” என்றார் அண்ணை.

ஒருநாள் கண்ணாடி எதற்கென்று ஓவியரிடம் நேரே கேட்டேன். அரைகுறை ஜெர்மனில் சொன்னார். உருளைக்கிழங்கு விவசாயியின் மகனாம். தகப்பன் கலப்பையைப் பிடிக்கச் சொல்ல, ஓவியக் கல்லூரிக்கு ஓடிவிட்டாராம். முதல் வருடம் வர்ணமே தொட விடவில்லை. வயலில் குனிந்தவர்களின் முதுகுகளைக் கரியால் வரைந்ததுதான் படிப்பு. வரைந்தவன் கண்ணுக்குத் தன் பிழை பழகிவிடும், இடம்வலம் மாற்றிக் கண்ணாடியில் பார்த்தால் கோணல் பிடிபடும் என்று வாத்தியார் பழக்கினாராம்.

“ஓமோம், நல்லாத்தான் அளக்கிறான்” என்றார் அண்ணை. நானும் நம்பவில்லை. மொழி வகுப்புக்குப் போவதாகக் காட்ட, ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

அவரை வேறு ஊருக்கு மாற்றிய அன்று, படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். கிழங்கு கிண்டும் பெண்கள் வரிசை. கடைசியில் ஒரு கறுத்த ஆண், இடுப்பில் கையூன்றி நிமிர்கிறான். என் முதுகேதான். கக்கத்தில் புத்தகம்!

“வகுப்பில் இருந்தவனுக்கு முதுகு இப்படி வலிக்காது” என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்து, கண்ணாடியை என் கையில் வைத்தார்.

“கவனம் தம்பி, உந்தக் கண்ணாடியை ஏன் தந்திட்டுப் போறான்?” என்றார் அண்ணை, அவர் படியிறங்குமுன்பே.

பொலிஸ் வரவில்லை. வழக்கிலும் வென்றேன். அத்தனையும் தெரிந்தவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போதும் சவரம் செய்யுமுன் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன். அந்த மனுசன் ஒருமுறை வந்து நிற்கமாட்டாரா என்றிருக்கிறது.