கூட்டாளியை எங்கே வைப்பது

என் தம்பி செவேரோவுக்குக் குழப்பம் என்பது கூடப் பிறந்தது. உப்பு வாங்கி வரச் சொன்னால் எந்த உப்பு என்று கேட்கக் கடைக்குப் போன வழியிலேயே திரும்பி வருவான். ஓருரோ பக்கத்துக் குளிர் மேட்டு நிலத்திலிருந்து நாடு விட்டு நாடு அவன் சாவ் பாவுலோவுக்கு வந்ததே, ரெண்டு வருஷம் தைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லித்தான். எட்டு வருடம் ஓடிவிட்டது. ஊரில் கார்னிவல் திருவிழா வருகிறதென்றால் பெட்டியைத் தூசி தட்டி வெளியே எடுப்பான். கார்னிவல் முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளுவான். பிராஸ் பேட்டையில் என் வீட்டுக்காரர் நடத்தும் தையல் பட்டறைக்கு மேல்மாடியில், அவனும் அவன் பெண்டாட்டி நிகாசியாவும் ஒரு அறையில் இருந்தார்கள். அந்த அறையில் பெட்டிக்கு என்றும் ஒரு இடம் உண்டு.

நிகாசியா உண்டானதும் வந்தது வினை. பட்டறையில் எங்களோடு தைத்த பெண்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்திருந்தார்கள். நிகாசியா கத்திக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை, குளிருக்குத்தான் பயந்தாள். ஏ.சி. ஓடும் அறையில், துணியைக் கழற்றி, மல்லாக்கப் படுக்க வைத்து விடுவார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்குள் குளிர் ஏறினால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், சாகும்வரை இறங்காது. எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு அவள் என்னிடம் வந்து சொன்னாள்: "எங்கம்மா என்னைப் பெத்த மாதிரி குத்தவச்சுப் பெத்துக்கணும், அண்ணி. செவேரோ பின்னாடி இருந்து பிடிச்சுக்கணும். கத்தி வேண்டாம், குளிர் வேண்டாம். கூட்டாளியை எங்க கையில குடுத்துடணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

கூட்டாளி என்றால் நஞ்சுக்கொடி. வயிற்றுக்குள் பிள்ளைக்குத் துணையாக இருந்தது அதுதானே. பிள்ளை பிறந்ததும் அதைக் கழுவி, சூடு ஆறுவதற்குள் அப்பன்காரன் மண்ணில் வைக்க வேண்டும். அது குளிர்ந்தால் தாயும் குளிர்ந்துபோவாள். எந்த மண்ணில் வைக்கிறோமோ, பிள்ளையின் கால் கடைசியில் அந்த மண்ணுக்குத்தான் திரும்பும்.

விசாரித்ததில், கத்தியில்லாமல் பெற்றுக்கொள்ள ஊரின் கிழக்கே ஒரு பிரசவ வீடு இருப்பது தெரிந்தது. சனிக்கிழமை தோறும் புருஷனும் பெண்டாட்டியும் வகுப்புக்குப் போக வேண்டும். போர்த்துக்கீசியம் பேச என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே பார்த்தால் வாயும் வயிறுமாகப் பெண்கள் பெரிய பெரிய ரப்பர் பந்துகள்மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். புருஷன்மார் கண்ணை மூடிக்கொண்டு பெண்டாட்டியோடு சேர்ந்து மூச்சு விட்டார்கள். செவேரோ மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, எப்போது வெளியே விடுவது என்று என்னைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. விட்டுத் தொலைடா என்றேன்.

அந்த வீட்டு மருத்துவச்சியின் பெயர் ஜுசாரா. நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். மூலையிலிருந்த நீலத் தொட்டியைக் காட்டி, வலி வரும்போது இதில் உட்கார்ந்தால் பிரசவம் பூப்போல இருக்கும் என்றாள். நிகாசியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணிக்குள்ளயா என்று கேட்டாள். சூடான தண்ணீர்தான் என்று ஜுசாரா சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்.

"வெளிய வந்ததும் ஆறிடுமே," என்றாள் நிகாசியா.

அவர்களுக்கு மென்மை என்றால் தண்ணீர், எங்களுக்கு மென்மை என்றால் சூடு. இரண்டு பக்கமும் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டோம். ஜுசாரா சற்று யோசித்துவிட்டுத் தொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நிகாசியா கேட்டாள் என்று மின்விசிறியையும் நிறுத்தினாள். பந்துமேல் இருந்த மற்றப் பெண்கள் வேர்த்து ஒழுகியபடி எங்களை முறைத்தார்கள். கம்பளிக் காலுறை போட்டிருந்த நிகாசியா மட்டும் நிம்மதியாக ஆடினாள்.

அவள் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து, செவேரோ கூட்டாளியைப் பற்றிக் கேட்கச் சொன்னான். ஜுசாரா சந்தோஷப்பட்டுப் போனாள். தாராளமாகக் கொண்டுபோகலாம், இங்கே பலபேர் அதை ஃப்ரீசரில் வைத்திருந்து, தோதுப்பட்டபோது தோட்டத்தில் புதைத்து மேலே ஒரு மரம் நடுகிறார்கள் என்றாள். தம்பியின் முகத்தில் விளக்கு எரிந்தது. ஃப்ரீசரில் இருக்குமென்றால் கார்னிவலுக்கு ஊருக்கே கொண்டுபோய்விடலாமே. திரும்பும் வழியிலேயே பீர் விற்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி, அதில் ஒன்று வாங்கிவிட்டான். உப்பு வாங்கத் தெரியாதவன் இதை மட்டும் யாரையும் கேட்காமல் வாங்கினான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் நிகாசியா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐஸ்லயா? அது குளிர்ந்தா நானும் குளிர்வேன். மொதல்ல என்னைத் தூக்கி அதுக்குள்ள வை."

"இங்க புதைச்சா புள்ள இந்த ஊருக்குன்னு ஆயிடுமே," என்றான் இவன். "நாளைக்கு நாம ஊருக்குப் போனாலும் அது இங்கயே திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கும்."

"நாம எப்பத்தான் போகப் போறோம், செவேரோ?"

எட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. தம்பி வெள்ளைப் பெட்டியின் மூடியைத் திறந்தான், மூடினான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு நிலையில் இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் சட்டைக் கையை இடம் மாற்றித் தைத்தான். ஞாயிற்றுக்கிழமை கந்தூட்டா சந்தையில் எங்கள் ஊர்க்காரர்களை நிறுத்தி நிறுத்தி யோசனை கேட்டான். மூலிகை விற்கிறவள் ஒன்று சொன்னால், முடி வெட்டுகிறவன் வேறொன்று சொன்னான். பிராஸ் முழுக்க சிமெண்ட். பூங்காவில் காவல்காரன் விரட்டினான், தெருமரத்தடியில் நாய் தோண்டிவிடும். ஊருக்கு போன் போட்டு அம்மாவைக் கேட்டான். "இங்க கொண்டு வந்துடு" என்றாள் அம்மா. மறுமூச்சில், "சூடு ஆறாமப் பாத்துக்கோ" என்றாள். இவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இந்த ஊர் மண்ணம்மாவுக்கு நம்மளைத் தெரியுமா? நாம என்னைக்காவது அவகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கமா?"

போய்த் தைக்கிற வேலையைப் பார் என்று சத்தம் போட்டேன்.

வலி கண்டது ஜனவரி மாதத்து மத்தியானம், மழை கொட்டும்போது. நிகாசியா பாவாடைமேல் பாவாடையாக மூன்று கட்டிக்கொண்டு கிளம்பினாள். டாக்ஸிக்காரன் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். செவேரோ அந்த வெள்ளைப் பெட்டியையும் மடியில் வைத்திருந்தான். நான் முறைத்ததும் திறந்து காட்டினான். உள்ளே ஆட்டுக்கறி சூப்புப் பானை, துணி சுற்றி. குளிரைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்குமாம். அது எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

ஜுசாரா சன்னலைச் சாத்திவைத்தாள். நீலத் தொட்டிக்குள் எங்கள் மூட்டைகளைப் போட்டோம். நிகாசியா குத்தவைத்தாள். செவேரோ பின்னால் மண்டியிட்டு, நெய்த போர்வையை அவள் வயிற்றுக்கு மேலே சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் சாய்ந்தால் சாய்ந்தான், எழுந்தால் எழுந்தான். மூச்சு எப்போது விடுவது என்று என்னைப் பார்க்கவில்லை. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பெண் பிள்ளை. கண்ணைத் திறந்து ஒன்றும் விளங்காமல் விழித்தது. அப்பனைக் கொண்டிருக்கிறது என்றேன்.

பிறகு கூட்டாளி வந்தது, முழுசாக. வெந்நீரில் கழுவி மண்சட்டியில் வைத்து அவன் கையில் கொடுத்தேன்.

"ஆறிடும்," என்றாள் நிகாசியா. அதற்குமேல் பேச அவளிடம் தெம்பில்லை.

சட்டியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். ஒரு கண் சூப்பு எடுத்துக் காலியான வெள்ளைப் பெட்டிமேல், ஒரு கண் அவள்மேல். ஜுசாரா பின்கதவைத் திறந்து, முற்றத்தில் ஜபுதிகாபா மரம் இருக்கிறது, அதனடியில் வைத்தால் யாரும் தோண்ட மாட்டார்கள் என்றாள். சின்னக் களைக்கொத்து ஒன்றும் கொடுத்தாள். போனான்.

போனவன் வரவில்லை. பிள்ளை பால் குடித்து முடித்தும் வரவில்லை. இன்னும் யாரிடம் யோசனை கேட்கிறானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. முழங்கை வரை குழிக்குள் கையை விட்டபடி குந்தியிருந்தான். சட்டி மடியில் இருந்தது.

"அக்கா, கையை விட்டுப் பாரு."

விட்டேன். மண் உள்ளே வரைக்கும் சூடாக இருந்தது. எங்கள் ஊரில் கோடையிலும் ஒரு சாண் தோண்டினால் மண் குளிர்ந்து கையைக் கடிக்கும்.

"அங்க கொண்டுபோய் வச்சா அதுக்குக் குளிரும்க்கா," என்றான். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. திட்ட வந்தவள் நானும் பக்கத்தில் குந்தினேன்.

சட்டியை இறக்கினான். கொத்தைத் தொடாமல் இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினான். சட்டைப் பையிலிருந்த சாராயச் சீசாவைத் திறந்து மேலே கொஞ்சம் தெளித்துவிட்டு, எங்கள் பாஷையில் மண்ணோடு பேசினான்.

"புதுசா வந்திருக்கோம். பாத்துக்கோம்மா."

பிறகு கையைக்கூடக் கழுவாமல் பிள்ளையைப் பார்க்க உள்ளே போனான்.