சுவரைப் பார்த்து வாசித்தவர்

எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் ஒருநாளும் அசையாமல் நின்றதில்லை. கருமத்தம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளியின் விசைத்தறிக் கொட்டகை; பதினாறு தறியும் ஒரே நேரத்தில் அடிக்கிற அதிர்வில் குடத்துக்குள் சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் போனால்தான் நிற்கும். அந்தத் தறிகளில் நான்கை ஓட்டியவர் என் அப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில், கொட்டாங்குச்சியில் தானே செய்த பிடிலை எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் கோயில் கும்மிக்கும் வாசிக்கப் போவார். போனதும் முதல் வேலையாக ஒரு சுவரைத் தேடுவார்.

மூக்கு இடிக்கிற தூரத்தில், சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசிப்பார். ஊர் அவருக்குச் "செவுத்துப் பிடில்" என்று பேர் வைத்தது. "பொண்ணு மாப்பிள்ளைக்கே முதுகக் காட்டிப்போட்டு நிக்கறான் பாருங்க, மறை கழண்ட பயல்" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள்; யார் என்ன கேட்டாலும் அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டுவதால் அது இன்னும் உறுதிப்பட்டது. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் இருந்தவள் சுவரைப் பார்த்து நின்று கையை இழுத்து இழுத்துக் காட்டுவாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காரணம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரியும். அப்பாவுக்குக் காது போய்விட்டிருந்தது. பதினைந்து வருஷத் தறிச் சத்தம் தின்றது போக மிச்சமிருந்த கொஞ்சம் காதுக்கு, சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலிதான் எட்டும். இதை வெளியே சொல்ல முடியாது. நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அதைக் கேட்ட உடனே கை ஓட வேண்டும்; காது கேட்காதவனை எந்த முதலாளியும் தறிக்குப் பக்கத்தில் விடமாட்டார். அப்பா கண்ணாலும், தரையின் அதிர்வைப் பிடிக்கிற உள்ளங்காலாலும் சமாளித்துக்கொண்டிருந்தார். "கிறுக்கன்னு சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க அம்மணி, செவுடுன்னு தெரிஞ்சாத் தறி போயிரும். நீ வாயத் தொறந்துபோடாத" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை நான், என் அப்பாவைப் பைத்தியம் என்றவர்களுக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா காய்ச்சலில் கிடந்து இறந்த மறுவருஷம், கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாடகக்காரர் வந்தார். ஜிப்பா, தோள்பை, வாய் நிறைய "அம்மா, அம்மா". அப்பாவைப் பற்றித் தனி ஆளாக மேடையில் நடிக்கப் போவதாகச் சொன்னார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அம்மா காதுக் கதையை முழுக்கச் சொன்னாள். அவரும் நோட்டில் எழுதிக்கொண்டு, பிடிலையும் வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. என் புருஷன் கிறுக்கன் இல்லை என்று ஊருக்கு முன்னால் யாராவது ஒருவர் சொன்னால் போதும், அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நாடகம். முன்வரிசையில் முதலாளி, தோளில் பொன்னாடை, செலவெல்லாம் அவருடையதாம். நாடகக்காரர் ஒரு துணிச் சுவருக்கு முன்னால் நின்று கண்ணை உருட்டினார், தலையைச் சிலுப்பினார், "உலகத்தின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காத ஞானக் கிறுக்கன் நான்" என்று கர்ஜித்தார். காது என்ற சொல்லே வரவில்லை. தறி இரண்டு இடத்தில் வந்தது, தாளம் போடுவதற்கு. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் அடங்கியதும் அம்மா எழுந்தாள். முதலாளியைப் பார்த்து, "ஏனுங்க" என்றாள். "எங்கூட்டுக்காரரு கிறுக்கரில்லீங்க. காது கேக்காதுங்க. உங்க தறீல போனதுங்க."

அத்தனை மரியாதையாக ஒருவரைச் செருப்பால் அடிக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். அந்த மாதமே, அவருக்குச் சொந்தமான அந்த வரிசை வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது, நாங்கள் சிங்காநல்லூருக்குப் போனோம். அன்று மண்டபத்தில் நாடகக்காரர் மட்டும் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ இதையும் சேத்திப்போடறனுங்கம்மா" என்றார். பாவி மனுஷன், சேர்த்துத்தான் விட்டார்.

போன மாதம் கோவையில் அதே நாடகத்தைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு நரைத்துவிட்டது, பேரும் பெரிதாகிவிட்டது. கருமத்தம்பட்டிக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் விற்கிறார்கள். வரிசை வீடு இல்லை, அப்பா வாசித்துப் பழகிய சுவர் இல்லை, அம்மாவும் இல்லை. பிடில் மட்டும் வார்னிஷ் பளபளக்க அவர் கையில் இருந்தது.

கடைசிக் காட்சியில் அவர் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, கூட்டத்திலிருந்து எழுகிற ஒரு பெண்ணாக மாறினார். கழுத்தை ஒடித்து, குரலைக் கீச்சென்று ஆக்கி, "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு கிறுக்கரில்லீங்க" என்றார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா சொன்ன மற்ற இரண்டு வாக்கியங்களுக்காக நான் காத்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.